நோஞ்சான் பிள்ளை என்று விட்டுவிடலாமா?

அடிக்கடி நோயில் விழும் குழந்தைகளும், பெற்றோர் போட வேண்டிய ஒரு கணக்கும்

தாராவியில் ஒரு குறுகிய சந்து. எதிரே ஒருவர் வந்தால் சுவரோரம் ஒதுங்கி நின்றுதான் வழிவிட வேண்டும். அந்தச் சந்தின் கடைசியில் ஒரு மாடி அறை. இரும்பு ஏணியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். நெல்லைச் சீமையிலிருந்து வந்த ஒரு தோல் பட்டறைத் தொழிலாளி அங்கே குடியிருக்கிறார். மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண், நாலு வயதில் ஒரு பையன்.

பையன் அந்த ஏணியில் ஓயாமல் ஏறி இறங்குகிறான். "விழுந்துராதல" என்று தாயார் சத்தம் போடுகிறார். ஆனால் பிடித்து நிறுத்துவதில்லை.

அவன் இப்படி ஏறி இறங்குவதே அந்த வீட்டில் பெரிய காரியம். அவனுக்கு முன் பிறந்த ஆண் குழந்தை ஆறாவது மாதத்தில் இறந்துவிட்டது. இவனும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தான். ஒரு டாக்டர் கேட்ட ஒரே ஒரு கேள்வி இவனைக் காப்பாற்றியது.

அவர்களுடைய பெயர் இங்கே வேண்டாம். ஆனால் அவர்கள் பட்ட பாட்டை, பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த மற்றத் தமிழ்க் குடும்பங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு ஊர், ஆறு டாக்டர்

முதல் பையன் பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தான். மூன்றாவது மாதம் வயிற்றுப்போக்கு தொடங்கியது. நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் தயிர் அப்பினாற்போல் வெள்ளை படிந்தது. ஊரில் இதை அக்கரம் என்பார்கள். பிறகு இருமல், மூச்சிரைப்பு.

பக்கத்தில் இருந்த டாக்டர் மருந்து கொடுத்தார். நாலு நாள் குறைந்தது, மறுபடி வந்தது. அவருக்குக் கைராசி இல்லை என்று அடுத்த தெரு டாக்டரிடம் போனார்கள். அங்கேயும் அதே கதை. குலதெய்வத்துக்கு முடி இறக்கினால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஐந்தாவது மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறினார்கள். ஊரில் மாந்தம் என்று மருந்து உரைத்துப் புகட்டினார்கள். பிறகு டவுனில் ஒரு ஆஸ்பத்திரி; அதன் பிறகு இன்னொன்று. அங்கே குழந்தை இறந்தது. நிமோனியா என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

நிமோனியா என்று எழுதியதில் தப்பில்லை. ஆனால் நிமோனியா ஏன் அந்தக் குழந்தையை விடவே இல்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் வழி இல்லை. ஆறு டாக்டர்களில் ஒவ்வொருவரும் அந்தக் குழந்தையை முதல் தடவையாகத்தான் பார்த்தார். மும்பையில் எழுதிய மருந்துச் சீட்டு ஊருக்குப் போகவில்லை. ஊரில் எழுதியது மும்பைக்கு வரவில்லை. எத்தனை தடவை காய்ச்சல் வந்தது, எத்தனை தடவை ஊசி போட்டது என்று கூட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

வீட்டில் பழி மட்டும் தாயின் தலையில் விழுந்தது. "அவ ராசி அப்படி" என்றார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஒரு கேள்வி

இரண்டு வருடம் கழித்து இந்தப் பையன் பிறந்தான். இரண்டாவது மாதமே வாயில் அதே வெள்ளை. எடை ஏறவில்லை. பிறந்தவுடன் இடது தோளில் போட்ட பி.சி.ஜி. ஊசி இடம் ஆறாமல் சீழ் பிடித்து, இடது அக்குளில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி வந்தது. மூச்சிரைப்போடு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே இருந்த டாக்டர் ஒரு இளம்பெண். இந்தியில் பேசினார். தாயாருக்கு இந்தி அவ்வளவாக வராது. கேரளத்துச் சிஸ்டர் ஒருவர் தமிழில் சொன்னார்:

"இதுக்கு முன்னாடி குழந்தை ஏதாவது தவறியிருக்கா என்று டாக்டர் கேட்கிறாங்க."

"ஆமா சிஸ்டர். ஒரு பையன். ஆறு மாசத்துல போயிட்டான்."

"கல்யாணம் சொந்தத்துலயா?"

"ஆமா. எங்க அத்தை மகன்தான்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையின் ரத்தப் பரிசோதனைத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார் என்று அந்த அம்மாள் நினைவுகூர்கிறார்.

குமாஸ்தாவுக்கும் தெரிந்த கணக்கு

அந்தத் தாள் எந்த ஆஸ்பத்திரியிலும் எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனைதான். சி.பி.சி. என்பார்கள். சின்ன லேபிலும் எடுப்பார்கள். அதில் வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை இருக்கும். அதற்குக் கீழே, அதில் லிம்போசைட் என்ற வகை நூற்றுக்கு எத்தனை என்றும் போட்டிருக்கும்.

இரண்டையும் பெருக்கினால் லிம்போசைட்டின் உண்மையான எண்ணிக்கை வரும். உதாரணமாக மொத்தம் 6,000. லிம்போசைட் 15 சதவீதம். பெருக்கினால் 900.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த எண்ணிக்கை பெரியவர்களைவிட அதிகமாக இருக்க வேண்டும். அது 3,000க்குக் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் அளவு. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து 'நார்மல்' என்று தள்ளிவிட்டால் இது கண்ணில் படாது. மேற்படி குழந்தைக்குப் பல தடவை ரத்தம் எடுத்தும் யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

இந்த ஒரு கணக்கை வைத்து நோயை முடிவு செய்துவிட முடியாது. எண்ணிக்கை சரியாக இருந்தும் நோய் இருக்கும் குழந்தைகள் உண்டு. வேறு காய்ச்சலால் தற்காலிகமாகக் குறைவதும் உண்டு. ஆனாலும் கதவைத் தட்டிப் பார்க்க இது நல்ல வழி.

காவல் இல்லாத வீடு

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் உடம்புக்குக் காவல். கிருமி உள்ளே வந்தால் அடையாளம் கண்டுபிடிப்பவை சில, விழுங்குபவை சில, கிருமியைப் பிடித்துக் கட்டும் எதிர்ப்புப் பொருளைத் தயாரிப்பவை சில. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்தக் காவலில் ஏதாவது ஒரு பிரிவு இருப்பதில்லை. இருந்தாலும் வேலை செய்வதில்லை. இப்படிப்பட்ட பிறவிக் கோளாறுகள் 500க்கு மேல் இருப்பதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இவற்றில் மிகக் கடுமையானது, காவல் முழுவதுமே இல்லாமல் போகும் 'சிட்' என்ற நோய். பிறந்த சில மாதங்களிலேயே குழந்தை விழுந்துவிடும். வைத்தியம் செய்யாவிட்டால் பெரும்பாலும் ஒரு வருடம், இரண்டு வருடத்துக்குள் இறந்துவிடும். தாராவிக் குடும்பத்துக்கு வந்தது இதுதான்.

எதிர்ப்புப் பொருள் மட்டும் உண்டாகாத நோய் இன்னொரு வகை. தாயிடமிருந்து வயிற்றிலேயே வந்த எதிர்ப்புப் பொருள் சில மாதங்களுக்குக் காக்கும். அது தீர்ந்ததும், ஆறாவது மாதத்தை ஒட்டி, காது சீழ், நிமோனியா என்று தொடங்கும். கிருமியை விழுங்கும் அணுக்கள் பழுதானால் தோலிலும் ஈரலிலும் சீழ்க்கட்டிகள் வரும்.

காவல் குறைவதற்கு நேர்மாறாக, காவலே எல்லை மீறி சொந்த உடம்பைத் தாக்குவதும் உண்டு. மூட்டு வீக்கம், லூபஸ் போன்றவை குழந்தைகளுக்கும் வருகின்றன. அவற்றுக்கு வைத்தியம் வேறு.

ஒரு விஷயத்தை அக்கம்பக்கத்தார் தெரிந்துகொள்ள வேண்டும். இவை பிறவிக் கோளாறுகள், எய்ட்ஸ் அல்ல, ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. டாக்டர்கள் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். அது வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். அதைக் கேட்டுப் பெற்றோர் பதற வேண்டாம். இந்தக் குழந்தையால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆபத்து இல்லை. பக்கத்து வீட்டுச் சளிதான் இந்தக் குழந்தைக்கு ஆபத்து.

அமெரிக்காவில் அன்று

இந்த நோய்கள் வைத்திய உலகுக்கே வெகுகாலம் தெரியாமல் இருந்தவை. 1952ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவ டாக்டர் ஆக்டன் புரூட்டன் 8 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். நாலு வருடத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் 19 தடவை அவன் ரத்தத்தில் கிருமி பரவிக் கிடந்து எழுந்திருந்தான். பரிசோதித்ததில் அவன் ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருள் அறவே இல்லை. மற்றவர்கள் ரத்தத்திலிருந்து எடுத்த அந்தப் பொருளை மாதாமாதம் ஊசியாகப் போட்டார். சிறுவன் தேறினான். அந்த டாக்டரும் 19 தடவை என்று எண்ணிப் பார்த்ததால்தான் விஷயம் பிடிபட்டது.

1971ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரில் டேவிட் என்ற குழந்தை பிறந்தது. அவனுடைய அண்ணன் ஏழாவது மாதத்தில் 'சிட்' நோயால் இறந்திருந்தான். அதனால் டேவிட்டைப் பிறந்தவுடனேயே கிருமி இல்லாத பிளாஸ்டிக் கூண்டுக்குள் வைத்தார்கள். பன்னிரண்டு வயது வரை தாயின் கை அவன் உடம்பில் நேரே பட்டதில்லை. 1983இல் அக்காளின் எலும்பு மஜ்ஜையை அவனுக்கு ஏற்றினார்கள். அந்த மஜ்ஜையில் ஒளிந்திருந்த ஒரு வைரஸால் புற்றுநோய் வந்து 1984 பிப்ரவரியில் இறந்தான்.

அதற்கு முன்பே, 1968இல், மினசோட்டாவில் டாக்டர் ராபர்ட் குட் என்பவர் அதே வகை நோய் உள்ள ஒரு ஆண் குழந்தைக்கு அக்காளின் மஜ்ஜையை ஏற்றிப் பிழைக்க வைத்திருந்தார். அந்தக் குடும்பத்திலும் அதற்கு முன் பல ஆண் குழந்தைகள் இறந்திருந்தார்கள். அக்காளின் மஜ்ஜை பொருந்தியது அவன் அதிர்ஷ்டம். டேவிட்டுக்கு முழுதாகப் பொருந்தவில்லை.

சொந்தத்தில் கல்யாணம்

அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று உறவுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நம்மிடம் வழக்கம். சொத்து வெளியே போகாது, பெண் கண் கலங்காது என்பார்கள். ஆனால் ஒரு தாத்தா பாட்டியிடமிருந்து வந்த ஒரே பழுது கணவன், மனைவி இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. இருவருக்கும் நோய் இருக்காது. பழுது இருப்பதே தெரியாது. இருவரிடமிருந்தும் பழுது சேர்ந்து வந்தால் குழந்தைக்கு நோய். ஒவ்வொரு பிரசவத்திலும் இதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

வேறு வகையும் உண்டு. சில கோளாறுகள் தாய் வழியாக ஆண் குழந்தைகளுக்கு மட்டும் வரும். அதற்குச் சொந்தத்தில் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. எப்படி வந்தாலும் அது யார் குற்றமும் இல்லை. யார் ராசியும் இல்லை.

தாராவித் தாயாருக்கு இதை எடுத்துச் சொன்னபோது, "அப்போ என்னால மட்டும் இல்லையா?" என்று கேட்டாராம். அன்று இரவு கணவர் தம் தாயாருக்கு ஊருக்குப் போன் போட்டு அதைச் சொன்னார்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

குழந்தைக்குச் சளி, காய்ச்சல் வருவது சகஜம். ஆரோக்கியமான குழந்தைக்கே வருடத்தில் ஆறு, எட்டுத் தடவை சளி பிடிக்கும். அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்:

ஒரு வருடத்தில் இரண்டு தடவை அல்லது மேலும் நிமோனியா.

ஒரு வருடத்தில் நாலு தடவை அல்லது மேலும் காதில் சீழ்.

இரண்டு மாதம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் குணமாகாமை.

கைக்குழந்தைக்கு எடை ஏறாமை, வளர்ச்சி இல்லாமை.

தோலில் ஆழமாகவோ, ஈரல் போன்ற உள்ளுறுப்பிலோ திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி.

மருந்து போட்டும் போகாத வாய் வெள்ளை.

குடும்பத்தில் குழந்தைகள் சிறு வயதில் காரணம் தெரியாமல் இறந்திருப்பது.

பி.சி.ஜி. ஊசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊசி போட்ட சில வாரத்தில் சிறு கொப்புளம் வந்து, உடைந்து, தானே ஆறித் தழும்பாவது இயற்கை. அது ஆறாமல் பெரிதாவதும், அக்குளில் பெரிய கட்டி வருவதும் டாக்டரிடம் காட்ட வேண்டியவை. பி.சி.ஜி. மருந்தில் உயிருள்ள கிருமி வலுவிழந்த நிலையில் இருக்கிறது. காவல் இல்லாத குழந்தையின் உடம்பில் அதுவே பரவிவிடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தடுப்பூசியை நிறுத்தக் கூடாது. மற்றக் குழந்தைகளுக்கு அது உயிர் காக்கும் ஊசி. முன்பு குழந்தை இறந்த வீட்டில் மட்டும், அடுத்த குழந்தை பிறந்தவுடன், ஊசிக்கு முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

வைத்தியம் என்ன?

எதிர்ப்புப் பொருள் இல்லாத குழந்தைக்கு அதை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்த நீரிலிருந்து பிரித்தெடுத்த மருந்து அது. மூன்று, நாலு வாரத்துக்கு ஒரு தடவை டிரிப்பாக ஏற்ற வேண்டும். கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு 4 முதல் 6 கிராம். விலை அதிகம், வயது ஏற ஏற அளவும் ஏறும். ஆயுள் முழுவதும் தேவைப்படலாம். ஆனால் ஒழுங்காக ஏற்றினால் குழந்தை பள்ளிக்கூடம் போகலாம், விளையாடலாம்.

விழுங்கும் அணுக்கள் பழுதானவர்களுக்குக் கிருமிக்கும் பூஞ்சைக்கும் தடுப்பு மருந்து தினமும் தர வேண்டும்.

'சிட்' நோய்க்கு வழி எலும்பு மஜ்ஜை மாற்றுதல். பெயரைக் கேட்டால் பெரிய ஆபரேஷன் போலத் தோன்றும். ஆனால் குழந்தையின் எலும்பில் கத்தி படுவதில்லை. கொடுப்பவரை மயக்கத்தில் வைத்து இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் மஜ்ஜையை எடுக்கிறார்கள். ரத்தம் ஏற்றுவது போலவே அதைக் குழந்தையின் ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். அது தானே எலும்புக்குள் போய்த் தங்கிப் புது அணுக்களை உண்டாக்குகிறது. உடன்பிறந்த ஒருவருக்குப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பொருந்தாவிட்டால் தாயோ தந்தையோ பாதிப் பொருத்தத்தில் கொடுக்கும் முறையும் வந்துவிட்டது.

இதில் காலம்தான் முக்கியம். மூன்றரை மாத வயதுக்குள் மாற்றிய குழந்தைகளில் நூற்றுக்கு 90க்கு மேல் பிழைத்திருப்பதாக 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கிருமி பிடித்த பிறகு செய்தால் வாய்ப்புக் குறைகிறது. ஊருக்கும் மும்பைக்கும் அலைவதில் போகும் ஒவ்வொரு வாரமும் இதில்தான் கழிகிறது.

எங்கே போவது?

மும்பைத் தமிழர்களுக்கு இது தூரமான விஷயம் அல்ல. சயானில் ஸ்லோ வண்டி ஏறினால் மாட்டுங்கா, தாதர் தாண்டி பரேல். அங்கே கே.இ.எம். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே மத்திய அரசின் தேசிய ரத்த நோய்த் தடுப்பாற்றல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த நோய்களுக்கான பரிசோதனைகள் அங்கே நடக்கின்றன. பரேலிலேயே 1929இல் தொடங்கிய வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. வடக்கே இருப்பவர்களுக்குச் சண்டிகர் பி.ஜி.ஐ. ஊர்ப்பக்கம் போவதானால் வேலூர் சி.எம்.சி.; அங்கே 1986 முதல் மஜ்ஜை மாற்றும் சிகிச்சை நடந்து வருகிறது.

செலவு பல லட்சம் ஆகும். கூலிக்காரர் கையில் அது ஏது? மத்திய அரசு 2021இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. 'சிட்' உள்ளிட்ட சில பிறவித் தடுப்பாற்றல் நோய்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. குறிப்பிட்ட உயர் சிகிச்சை மையங்களில் பதிவு செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை உதவிக்கு இடம் உண்டு. மும்பை கே.இ.எம்., பெங்களூர் மனித மரபியல் மையம், சண்டிகர் பி.ஜி.ஐ. ஆகியவை அந்த மையங்களில் சில. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களும், ரயில்வே, மத்திய அரசு ஊழியர்களும் தங்கள் ஆஸ்பத்திரியில் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும். வெளியே பணம் கட்டிய பிறகு கேட்பதைவிட முன்பே கேட்பது நல்லது. பெரிய ஆஸ்பத்திரிகளில் சமூக சேவகர் என்று ஒருவர் இருப்பார். தர்ம ஸ்தாபனங்களுக்கு மனுப் போட வழி காட்டுவது அவர் வேலை. தயங்காமல் போய்ப் பார்க்கலாம்.

ஒரு நீள நோட்டு

தாராவிப் பையனுக்கு அக்காளின் மஜ்ஜை பொருந்தியது. முதலில் பி.சி.ஜி. கிருமியை அடக்க மருந்து, பிறகு மஜ்ஜை. பல வாரம் தனி அறை. தாயார் மட்டும் உள்ளே. தந்தை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போவார். பட்டறை முதலாளி கொஞ்சம் கொடுத்தார், தர்ம ஸ்தாபனங்கள் கொடுத்தன, கம்மலும் போனது.

சிஸ்டர் சொன்னபடி அந்த அம்மாள் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். மளிகைக் கடையில் பற்று எழுதும் நோட்டு. காய்ச்சல் வந்த தேதி, எத்தனை டிகிரி, என்ன மருந்து, எத்தனை நாள், எடை என்ன என்று எழுதுகிறார். தமிழில்தான் எழுதுகிறார். டாக்டருக்காக மகள் இங்கிலீஷில் பக்கத்திலேயே எழுதிக் கொடுக்கிறாள். சீட்டு, ரத்தத் தாள், எக்ஸ்ரே எல்லாம் ஒரே பையில். ஊருக்குப் போனாலும் அந்தப் பை கூடப் போகிறது.

நோட்டின் முதல் பக்கத்தில் இறந்த பையன் பிறந்த தேதியும் இறந்த தேதியும் இருக்கின்றன. டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். முதல் வருடம் ஒரு மாதத்துக்கு மூன்று பக்கம் ஆயிற்று. இந்த வருடத்துக்கு இதுவரை ஒரு பக்கம் முடியவில்லை.